பள்ளிக்கூட வாசலில் குடும்பக் கதை

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சிலர் ஒரு மாதிரி. ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள். எடுத்த வேலையை முடிக்க மாட்டார்கள். சட்டைப் பையில் இருக்கும் சாவியை வீடு முழுக்கத் தேடுவார்கள். சின்னப் பேச்சுக்குச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார்கள். இளைய தலைமுறையில் சிலருக்கு ஏ.டி.எச்.டி. (கவனச் சிதறல், மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு) என்றும் ஒருவருக்கு ஆட்டிசம் என்றும் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூத்தவர்களுக்கு எழுதிக் கொடுக்க அந்தக் காலத்தில் யாரும் இருக்கவில்லை. முன்கோபி, ஊர்சுற்றி, மறதிமன்னன் என்ற பட்டப்பெயர்கள்தான் அவர்களுக்குக் கிடைத்த மருத்துவக் குறிப்பு. இந்த ஜூனில் என் பேத்தி எல்.கே.ஜி.யில் சேர்கிறாள். குடும்பத்தில் இப்படி ஓர் இழை ஓடுவதைப் பள்ளியில் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா, அவளைப் பார்க்கும்போதெல்லாம் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டுமா என்ற கேள்விகள் வீட்டில் எழுந்திருக்கின்றன. இதே வாசலில் நிற்கும் குடும்பங்கள் ஏராளம் என்பதால் எழுதுகிறேன். என் கருத்து இதுதான்: குடும்ப வரலாறு பெரியவர்களைக் கட்டுப்படுத்த வேண்டிய தகவல். அதைக் கொண்டு குழந்தையைக் கட்டுப்படுத்தத் தொடங்கினால் அநியாயத்தில்தான் முடியும்.

‘தாத்தாவும் இப்படித்தான் இருந்தார், அவர் என்ன கெட்டுப் போய்விட்டார்?’ என்பது இந்தப் பேச்சில் முதலில் வரும் சமாதானம். அதில் அன்பு இருக்கிறது. பாதி உண்மையும் இருக்கிறது. அவர்கள் படித்த காலத்தில் பிறந்த தேதி கேட்டுப் பள்ளியில் சேர்க்கவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். விரல் காதை எட்டினால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று கணக்கு. எட்டாதவன் அடுத்த ஆண்டு வருவான். விஜயதசமியன்று தாம்பாளத்தில் பரப்பிய நெல்லில் விரலைப் பிடித்து ‘அ’ எழுதியதோடு படிப்பு நின்ற பிள்ளைகளும் உண்டு. உட்கார முடியாதவனுக்கு வயலும் மாடும் சைக்கிள் கடையும் காத்திருந்தன. அங்கே உட்கார்ந்திருக்க வேண்டிய தேவை இல்லை. இன்றைக்கு மூன்று வயதைத் தாண்டியதும் நான்கு கோடு நோட்டில் எழுத்தை அடக்கி எழுத வேண்டியிருக்கிறது. பிள்ளை பழைய பிள்ளையாகவே பிறக்கலாம். அதனிடம் கேட்கப்படுவது பழையதாக இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நன்றாக வாழ்ந்த தாத்தாவின் கதைதான் நம்மிடம் சொல்லப்படுகிறது. பாதியில் படிப்பை விட்டவரும், கடனில் மூழ்கியவரும், குடியில் போனவரும் அந்தக் கதைக்குள் வருவதில்லை. நன்றாக வாழ்ந்தவரின் பின்னாலும் பெரும்பாலும் ஒரு பெண் நின்றிருப்பாள். சம்பளத்தை வாங்கி எண்ணி வைத்ததும், ரேஷன் கார்டைப் பத்திரப்படுத்தியதும், அவர் சண்டை போட்ட வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசியதும் அவள்தான். அவர் கெட்டுப் போகவில்லை என்றால், கெட்டுப் போகாமல் ஒருத்தி வாழ்நாளெல்லாம் பார்த்துக்கொண்டாள் என்று பொருள். அந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் ‘தானாகச் சரியாகிவிடும்’ என்று சொல்வது அவளுக்கும் நியாயமில்லை, குழந்தைக்கும் உதவாது.

அடுத்து வருவது இதற்கு நேர்மாறான பயம்: ரத்தத்தில் இருக்கிறது, தப்ப முடியாது. இந்தப் பயத்துக்கு அறிவியலில் சாட்சி இருப்பது போலத் தோன்றும். ஏ.டி.எச்.டி. பற்றி நடந்த 37 இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அதன் மரபுவழிப் பங்கு சராசரியாக 74 சதவீதம் என்று 2019-இல் ஸ்டீபன் ஃபாரோனும் ஹென்ரிக் லார்சனும் எழுதினார்கள். இந்த எண்ணைப் படிக்கும் தகப்பன், தன் குழந்தைக்கு 74 சதவீத வாய்ப்பு என்று கலங்கிவிடுகிறான். அந்த எண் சொல்வது வேறு. ஒரு மக்கள்தொகையில் ஒருவருக்கொருவர் காணப்படும் ஏற்றத்தாழ்வில் எவ்வளவை மரபணு வேறுபாட்டால் விளக்கலாம் என்பதே அது. ஒரு தனிக் குழந்தையின் தலையெழுத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. உயரமும் பெரிதும் மரபுவழி வருவதுதான். ஆனாலும் ஒரே வீட்டில் நெட்டையும் குட்டையும் பிறப்பதைப் பார்க்கிறோம். ஏ.டி.எச்.டி.க்கென்று ஒரு தனி மரபணு கிடையாது. 2023-இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு, தொடர்புடைய 27 இடங்களை அடையாளம் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் மற்றக் குழந்தைகளைவிட வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்பது உண்மை. அந்த உண்மையை எடுத்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட குழந்தையின் முகத்தைப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்ல எந்த ரத்தப் பரிசோதனையாலும் முடியாது. பாட்டியின் கண்ணாலும் முடியாது.

அப்படிச் சொல்லத் துணிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சிறுமியின் மதிப்பெண் பட்டியல் சாட்சி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் எம்மா பக் என்ற பெண், அறிவுக் குறைபாடும் ஒழுக்கக் குறைபாடும் உள்ளவர் என்று முத்திரை குத்தப்பட்டு அரசு விடுதி ஒன்றில் அடைக்கப்பட்டிருந்தார். அவருடைய மகள் கேரி வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்தார். அந்த வீட்டின் உறவினன் ஒருவனால் பலாத்காரம் செய்யப்பட்டுக் கர்ப்பமானார். 1924-இல் அவரையும், அடங்காதவள், அறிவு குறைந்தவள் என்று சொல்லி அம்மா இருந்த அதே விடுதிக்கு அனுப்பினார்கள். கேரி பள்ளியில் படித்த காலத்தில் ஆசிரியை அவருடைய நடத்தையையும் படிப்பையும் நன்றாகவே மதிப்பிட்டிருந்தார். வழக்கில் அதை யாரும் எடுத்துவைக்கவில்லை. கேரிக்குப் பிறந்த விவியன், விசாரணை நடந்தபோது சில மாதக் கைக்குழந்தை. அதைப் பார்த்த சமூகப் பணியாளர் ஒருவர், பார்வையில் ஏதோ இயல்பாக இல்லை என்ற பொருளில் சாட்சி சொன்னார். பாட்டி, தாய், பிள்ளை என மூன்று தலைமுறைச் சங்கிலி அதோடு பூர்த்தியானது. 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதித்தது. தீர்ப்பை எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். மூன்று தலைமுறை போதும் என்பதே அவர் சொன்ன காரணத்தின் சாரம்.

விவியன் வளர்ந்து பள்ளிக்கூடம் போனாள். 1930 செப்டம்பரில் சார்லட்ஸ்வில் ஊரின் வெனபிள் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பு. அவளுடைய மதிப்பெண் பட்டியலைப் பல பத்தாண்டுகள் கழித்து உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட் தம் கட்டுரை ஒன்றில் எடுத்து வைத்தார். முதல் பருவத்தில் பாடங்களில் சி, கணக்கில் மட்டும் டி. இரண்டாம் பருவத்தில் நடத்தைக்கு ஏ, கணக்கில் சி, மற்றப் பாடங்களில் பி. 1931 ஏப்ரலில் நன்றாகப் படிப்பவர்களின் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. இரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில் கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் தோற்றாள்; அப்போதும் நடத்தைக்கு ஏ. அடுத்த பருவத்தில் மீண்டும் தேறினாள். எந்த ஊர்ப் பள்ளியிலும் பார்க்கக்கூடிய, கணக்கு கொஞ்சம் இடிக்கிற, ஒழுங்கான ஒரு சிறுமி. 1932-இல் குடல் நோயால் இறந்தபோது அவளுக்கு எட்டு வயது. அவளை எண்ணித்தான் ‘மூன்றாம் தலைமுறை’ என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் கணக்குப் போட்டது. வர்ஜீனியாவில் மட்டும் சுமார் 8,000 பேருக்கு இப்படிக் கட்டாயக் கருத்தடை நடந்தது. அந்த மாநில ஆளுநர் மன்னிப்புக் கேட்டது 2002-இல். விவியனை விசாரித்தவர்கள் அவள் பள்ளிக்குப் போகும்வரை காத்திருக்கவில்லை என்பதுதான் என்னை வதைக்கிறது. குடும்பக் கதை முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக அவர்கள் நம்பினார்கள்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதானே நல்லது என்று கேட்கலாம். நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பின்னால் கல்யாணப் பேச்சும் இருக்கிறது. அத்தைக்கு நரம்புத் தளர்ச்சி, சித்தப்பாவுக்குக் கொஞ்சம் கோபம் என்று மழுப்பிவிட்டுப் பேச்சை மாற்றுவது மூத்தவர்களுக்குக் கைவந்த கலை. மறைத்ததால் குழந்தை காப்பாற்றப்பட்டது என்றால் நானும் மறைக்கச் சொல்வேன். ஆனால் மறைத்த வீடுகளில் குழந்தைக்குப் பழி வருவதுதான் முதலில் நடக்கிறது. காரணம் தெரியாத நடத்தைக்குக் காரணமாகத் திமிர், செல்லம், அம்மா வளர்த்த லட்சணம் என்று ஏதாவது ஒன்று கற்பிக்கப்படும். 1902-இல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், உட்கார முடியாத, அடக்கிக்கொள்ள முடியாத பிள்ளைகளைப் பற்றி முதன்முறையாக விரிவாக உரையாற்றியபோது அவர்கூட அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையாகத்தான் பார்த்தார். நூறாண்டுக்கு மேல் ஆகியும் நம் வீடுகளில் அந்தப் பார்வை போகவில்லை. அடித்து வளர்த்திருந்தால் சரியாகியிருக்கும் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: முந்திய தலைமுறையில் அடி வாங்காதவர் யார்? பெல்ட்டும் புளியங்குச்சியும் எல்லாருக்கும் தாராளமாகக் கிடைத்தன. அடியில் திருந்தும் விஷயமாக இருந்திருந்தால் மூன்றாம் தலைமுறைக்கு அது வந்திருக்கவே கூடாது. பெண் பிள்ளைகள் விஷயத்தில் மறைப்பு இன்னும் ஆழமாக வேலை செய்கிறது. ஓடாமல் ஆடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணைச் ‘சமத்து’ என்று வீடும் வகுப்பும் பாராட்டிவிடுகின்றன. கவனம் நிலைக்காமல் அவள் தவிப்பது பத்தாம் வகுப்பில், சில நேரம் கல்யாணத்துக்குப் பிறகுதான் வெளியே தெரிகிறது. குடும்பத்தில் இது உண்டு என்று தெரிந்த வீட்டில் அந்தச் சமத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது.

குடும்ப வரலாற்றைப் பேசியே ஆக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் வேறொன்று. சின்னக் குழந்தைகளுக்கு மருந்துக்கு முன்னால் பெற்றோருக்குப் பயிற்சி தர வேண்டும் என்பதுதான் மருத்துவ உலகின் பொதுவான வழிகாட்டல். குளியல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் நடப்பது; ஒரு சமயத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்வது; செய்ததும் உடனே பாராட்டுவது; கத்தாமல் இருப்பது. கேட்க எளிது. இதைச் செய்ய வேண்டியவருக்கே அந்த இழை இருந்தால்? 2002-இல் பிரிட்டனில் எட்மண்ட் சோனுகா-பார்க்கும் உடனிருந்தவர்களும், மூன்று வயதுப் பிள்ளைகளின் தாய்மாருக்கு இத்தகைய பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். தாய்க்கே ஏ.டி.எச்.டி. அறிகுறிகள் மிகுந்திருந்த குழந்தைகளிடம் முன்னேற்றம் தென்படவில்லை. தாயைக் குற்றம் சொல்ல நான் இதை எடுக்கவில்லை. வேளை தவறாமல் நடத்தச் சொல்லும் அட்டவணையை, வேளை தவறுவதையே இயல்பாகக் கொண்டவர் கையில் கொடுத்துவிட்டு விலகினால் அது நடக்காது. அவருக்கும் சிகிச்சையோ துணையோ தேவை. அப்பாவுக்கு இருந்தால் அப்பாவுக்கும். ‘நம் பிள்ளைக்கு வந்துவிடுமோ’ என்று பயப்படும் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி, ‘நமக்கு இருக்கிறதா, நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்’ என்பதுதான். பெரியவர்களைக் கட்டுப்படுத்த வேண்டிய தகவல் என்று நான் தொடக்கத்தில் சொன்னது இதை மனதில் வைத்துத்தான்.

உற்றுப் பார்ப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. தேடுகிறவன் கண்ணுக்கு எல்லாமே அறிகுறியாகத் தெரியும். இந்த இடத்தில் குழந்தையின் பிறந்த மாதத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் எல்.கே.ஜி. சேர்க்கைக்கு ஜூலை 31-இல் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. ஜூனில் பள்ளி திறக்கும் நாளில், ஜூலை கடைசியில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயது பத்து மாதம்தான் ஆகியிருக்கும். பக்கத்தில் உட்காரும், முந்திய ஆகஸ்டில் பிறந்த குழந்தைக்கு மூன்று வயது பத்து மாதம். சின்னவள் பிறந்ததிலிருந்து வாழ்ந்த காலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த வித்தியாசம். ஒருத்தி சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறாள், இன்னொருத்திக்குச் செருப்பு இடம் வலம் மாறுகிறது என்றால் ஆச்சரியமில்லை. 2018-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு, செப்டம்பர் 1-ஐக் கட் ஆஃப் தேதியாக வைத்திருக்கும் அமெரிக்க மாநிலங்களை எடுத்துக்கொண்டது. அங்கே ஆகஸ்டில் பிறந்து வகுப்பிலேயே சின்னவர்களாக இருந்த பிள்ளைகளில் 10,000-க்கு 85 பேருக்கு ஏ.டி.எச்.டி. என்று முடிவு செய்திருந்தார்கள். செப்டம்பரில் பிறந்து வகுப்பில் மூத்தவர்களாக இருந்தவர்களில் 64 பேருக்குத்தான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 9 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்த 2012-ஆம் ஆண்டு ஆய்விலும் இதே போக்கு. அங்கே ஆண்டுக் கடைசிதான் கட் ஆஃப். ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பரில் பிறந்தவர்களுக்கு இந்த முடிவு 30 சதவீதம் கூடுதலாகவும், பெண்களில் 70 சதவீதம் கூடுதலாகவும் கிடைத்திருந்தது. மூளை, பிறந்த மாதத்தைப் பார்த்துக் கோளாறாவதில்லை. வகுப்பிலேயே சின்னக் குழந்தை சின்னக் குழந்தையாக நடந்துகொண்டது. அதற்கு மருத்துவப் பெயர் வைத்தார்கள். குடும்பக் கதை கூடவே இருந்தால் இந்தத் தவறு இரட்டிப்பாகும். ஜூலையில் பிறந்த பேரன் கத்தரிக்கோலைப் பிடிக்கத் திணறினால், ‘அப்படியே அவன் பெரியப்பா’ என்று சொல்ல நாக்கு துடிக்கும்.

அப்படியானால் ஒரு வருடம் நிறுத்தி வைத்துச் சேர்க்கலாமா? டென்மார்க்கில் தாமஸ் டீயும் ஹான்ஸ் ஹென்ரிக் சீவர்ட்சனும் செய்த ஆய்வில், ஒரு வருடம் தாமதமாகப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளிடம் ஏழு வயதில் கவனச் சிதறலும் துறுதுறுப்பும் கணிசமாகக் குறைந்திருந்தன; பதினொரு வயதிலும் அந்தப் பலன் நீடித்தது. ஆனால் அங்கே பள்ளிக்குப் போகாத அந்த வருடத்தில் குழந்தை நல்ல மழலையர் காப்பகத்தில், விளையாடிக்கொண்டு, பயிற்சி பெற்றவர்கள் கண்முன்னே இருக்கிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் நம் வீட்டில் அந்த வருடம் பெரும்பாலும் செல்போனுக்கும் டி.வி.க்கும்தான் போகும். அதனால் எல்லாரும் தள்ளிப்போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஜூலைக் குழந்தை, குடும்பத்தில் வரலாறும் உண்டு, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு என்றால் யோசிக்கலாம். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தில் பாட்டும் மணலும் மணிகளுமாகப் போகும் அங்கன்வாடி, கோடு போட்ட நோட்டைத் திணிக்கும் பல ஆங்கிலவழி எல்.கே.ஜி.க்களைவிட இப்படிப்பட்ட குழந்தைக்கு எவ்வளவோ மேல். அங்கே சேர்ப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கும் மனநிலைதான் தடை.

பள்ளியில் என்ன சொல்வது? சேர்க்கை விண்ணப்பத்தில் குடும்ப நோய் வரலாறு கேட்கும் பள்ளிகள் உண்டு. கல்வி உரிமைச் சட்டம், 2009, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துச் சலித்தெடுப்பதைத் தடை செய்கிறது; முதல் முறைக்கு ரூ.25,000 வரை, அடுத்தடுத்து ஒவ்வொரு முறைக்கும் ரூ.50,000 வரை அபராதம். ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ளவர்களுக்கான சட்டம் என்பதால் எல்.கே.ஜி. வாசலில் அதன் பிடி தளர்ந்துவிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.எச்.டி.க்குத் தனி இடம் இல்லை. இருக்கும் பாதுகாப்பு இவ்வளவுதான் எனும்போது, பெரியப்பாவின் கதையை விண்ணப்பத்தில் எழுதிக் கொடுப்பதால் குழந்தைக்கு எந்தப் பலனும் கிடையாது. ஆசிரியைக்கு வேண்டியது வம்சாவளி இல்லை. அந்தக் குழந்தையைப் பற்றிய விவரம். சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொள்வாள், இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் இரண்டாவது நழுவிவிடும், அவள் பக்கத்தில் வந்து கண்ணைப் பார்த்துச் சொன்னால் கேட்பாள், பதினொரு மணிக்குப் பசித்துவிடும் என்று எழுதிக் கொடுத்தால், நாற்பது குழந்தைகளைச் சமாளிக்கும் ஆசிரியையால்கூட அதைப் பயன்படுத்த முடியும். மறைத்தோம் என்ற குற்றச்சாட்டு பிறகு வராதா என்று கேட்பவர்களுக்கு: இருக்கும் நடத்தையை ஒளிக்காமல் சொல்லிவிட்ட பிறகு, இன்னும் வராத ஒன்றைச் சொல்லவில்லை என்று யாரும் குறை கூற முடியாது. குழந்தையையே பரிசோதித்து மருத்துவர் ஒரு முடிவு தந்திருந்தால் அது வேறு விஷயம். அதைப் பள்ளி அறிய வேண்டும், அறிந்ததற்கு ஏற்ப நடக்கவும் வேண்டும்.

மருத்துவரிடம் மட்டும் எதையும் மிச்சம் வைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு மாதிரி, பள்ளியில் ஒரு மாதிரி என்றால் அவர் அவசரப்பட்டு முடிவு சொல்ல மாட்டார். இரண்டு இடங்களிலாவது அறிகுறி தென்பட வேண்டும் என்பது அவர்களுடைய விதி. அந்த முடிவை எட்டும்வரை ஆசிரியை எழுதித் தருவதும் வீட்டார் சொல்வதும்தான் அவருக்குக் கையிருப்பு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே பார்க்கும் மாவட்ட மையங்கள் உண்டு. அங்கேயும் முதலில் கேட்பது குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்றுதான். அங்கே சொல்லும் கதை உங்களுடையது மட்டுமில்லை என்பதை நினைவில் வைக்கச் சொல்வேன். சித்தப்பாவின் கோபமும் அத்தையின் படுக்கை நாட்களும் அவர்களுக்குச் சொந்தமானவை. ஐம்பது வயதில் அவர்களைக் கூப்பிட்டு, குழந்தைக்காக இதைச் சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டுச் சொல்வதுதான் முறை. கேட்டால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. சிலர் தங்களுக்கும் ஒரு தடவை அந்த மருத்துவரைப் பார்க்க முடியுமா என்று கேட்கிறார்கள்.